செடிப் பூஞ்சை, இதய நோய், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னதும், "அங்கே என்னதான் செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். இலையைக் கருகவைக்கும் பூஞ்சை, இதய ரத்தக்குழாய் அடைப்பு, ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியா என்று பதில் சொன்னால் குழப்பம் இன்னும் கூடிவிடும். மூன்றுக்கும் முடிச்சு எங்கே என்று புரியாது. உறவினர்கள், மாணவர்கள், மருந்துச் சீட்டோடு வரும் நண்பர்கள் எனப் பலரும் பல வருடங்களாகக் கேட்ட சந்தேகங்களை, பெரும்பாலும் அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மூலக்கூறு உயிரியல் என்றால் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதானே?

அதுவும் உண்டு. ஆனால் பெரும்பாலான நேரம் சின்னக் குழாய்களில் இருக்கும் நிறமற்ற நீர்த்துளிகளோடுதான் எங்கள் வேலை. செல்லுக்குள் டிஎன்ஏவில் இருக்கும் தகவல் ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது. அதைப் பார்த்துப் புரதம் தயாராகிறது. செல்லின் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது புரதங்கள். எந்த மரபணு எந்தப் புரதத்தைத் தருகிறது, அது கெட்டால் என்ன ஆகும், அதை எதைக்கொண்டு தடுக்கலாம் என்று தேடுவதுதான் இந்தத் துறை.

இதன் அடிப்படைப் பாடங்களில் ஒன்றைக் கற்றுக்கொடுத்ததே ஒரு பூஞ்சைதான். 1941-ல் ஜார்ஜ் பீடிலும் எட்வர்ட் டாட்டமும் நியூரோஸ்போரா என்ற ரொட்டிப் பூசணத்தின் மரபணுக்களை எக்ஸ்-கதிரால் கெடுத்துப் பார்த்தார்கள். ஒரு மரபணு கெட்டதும் பூசணத்தால் வைட்டமின் பி6-ஐத் தானே தயாரிக்க முடியவில்லை. அந்த வைட்டமினை வெளியிலிருந்து கொடுத்ததும் மறுபடி வளர்ந்தது. ஒரு மரபணுவுக்கு ஒரு நொதி (செல்லின் ரசாயன வேலையைச் செய்யும் புரதம்) என்ற கருத்து இப்படித்தான் பிறந்தது. 1958-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் ஒரே இனம்தானே? எல்லாமே கிருமிதானே?

ஒரே இனம் இல்லை. இந்த ஒரு விஷயம் தெளிவானால் கீழே வரும் பாதிக் கேள்விகள் தானாகவே தீர்ந்துவிடும். பாக்டீரியாவின் செல்லில் உட்கரு கிடையாது. பூஞ்சையின் செல்லில் உண்டு, நம் செல்லில் இருப்பதைப் போலவே. பரிணாம வழியில் பூஞ்சைகள் செடிகளைவிட விலங்குகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

அதனால்தான் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் பூஞ்சையை ஒன்றும் செய்வதில்லை. பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவர் கட்டுமானத்தைத் தடுக்கும் மருந்து. அப்படியொரு சுவர் பூஞ்சைக்கும் இல்லை, நமக்கும் இல்லை. பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கும் இந்தச் சொந்தம்தான் காரணம். அதன் செல்லில் எதைத் தாக்கப் போனாலும் பெரும்பாலும் அதைப் போலவே ஒன்று நம் செல்லிலும் இருக்கும்.

சரி, செடியில் வரும் பூஞ்சைக்கும் மனுஷனுடைய இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பூஞ்சையின் செல்சவ்வில் அதே இடத்தில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. இரண்டும் பங்காளிகள் மாதிரி. தயாரிப்பின் ஆரம்பக் கட்டங்கள் இரண்டுக்கும் ஒன்றே, பாதி வழிக்கு மேல்தான் பாதை பிரிகிறது. அந்தப் பொதுவான பகுதியில் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அதைத் தடுத்தால் பின்னால் வரும் அத்தனையும் குறைந்துவிடும்.

ஜப்பானில் அகிரா எண்டோ இப்படி யோசித்தார்: பூஞ்சைகள் தங்கள் அக்கம்பக்கத்து உயிர்களை அடக்க விதவிதமான ரசாயனங்களைச் சுரக்கின்றன, அவற்றில் ஒன்றாவது இந்த நொதியைத் தடுக்காதா? 1971-ல் தொடங்கி சுமார் 6,000 நுண்ணுயிர் மாதிரிகளைச் சோதித்தார்கள். கடைசியில் கியோட்டோவின் ஒரு தானியக் கடையிலிருந்து எடுத்த அரிசியில் படிந்திருந்த நீலப்பச்சைப் பூசணத்தில் அது அகப்பட்டது. பூசணத்தின் பெயர் பெனிசிலியம் சிட்ரினம். அது சுரந்த காம்பாக்டின்தான் உலகின் முதல் ஸ்டேட்டின், அதாவது இந்த நொதியைத் தடுத்துக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருள். இன்று மாரடைப்பைத் தடுக்கக் கோடிக்கணக்கானவர்கள் விழுங்கும் மாத்திரைகளின் மூதாதை அதுதான்.

இதயத்துக்குப் பூஞ்சை கொடுத்தது இது மட்டும் இல்லை. 1967-ல் முதல் இதய மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆனால் புது இதயத்தை உடல் ஏற்றுக்கொள்ளாமல் தாக்கியதால், அடுத்த சில வருடங்களில் பெரும்பாலான மருத்துவமனைகள் அந்த முயற்சியையே கைவிட்டன. நார்வே நாட்டு மண்ணிலிருந்து எடுத்த டோலிபோக்ளேடியம் என்ற பூஞ்சை, உடலின் இந்தத் தாக்குதலை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைத் தந்த பிறகுதான், 1980-களில் நிலைமை மாறியது.

பூஞ்சைக்கு வாயும் இல்லை, பல்லும் இல்லை. இலைக்குள் எப்படி நுழைகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நெல் குலைநோயை உண்டாக்கும் பூஞ்சையை எடுத்துக்கொள்வோம். அதன் வித்து கண்ணீர்த்துளி வடிவத்தில், உள்ளே மூன்று அறைகளோடு இருக்கும். இலையில் ஈரம் பட்டதும் நுனியிலிருந்து ஒரு பசை வெளிவந்து வித்தை ஒட்டவைக்கும். ஓரிரு மணி நேரத்தில் மெல்லிய குழாய் ஒன்று முளைக்கும். அதன் முனை உப்பி ஒரு குமிழாகும். அதற்கு ஊன்று உறுப்பு என்று பெயர். ஆய்வகத்தில் இதைப் பார்க்க இலைகூடத் தேவையில்லை. வெங்காயத்தின் உள்தோலை உரித்து அதன்மேல் வித்து கலந்த நீரைச் சொட்டுவிட்டு வைப்போம். மறுநாள் காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சுருங்கிப்போன வித்தும் அதன் பக்கத்தில் திடமான கருவட்டமாக அந்தக் குமிழும் தெரியும். வித்து தன்னிடம் இருந்ததையெல்லாம் குமிழுக்குக் கொடுத்துவிட்டு இறந்துவிடுகிறது.

அந்தக் கறுப்புக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. குமிழின் சுவரில் மெலனின் படிந்ததும் தண்ணீர் உள்ளே போகலாம், ஆனால் உள்ளிருக்கும் கிளிசரால் வெளியே வர முடியாது. தண்ணீர் ஏற ஏற உள்ளழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை உயர்கிறது. கார் டயரில் இருப்பதைப் போலச் சுமார் 40 மடங்கு. அந்த அழுத்தம் முழுவதும் அடியில் இருக்கும் ஒரு சிறு புள்ளியில் குவிந்து, ஊசி போன்ற முளையை இலைத் தோலுக்குள் செலுத்துகிறது.

மெலனின் மரபணுக்களில் ஒன்றை முடக்கினால் கறுப்பாக வளர வேண்டிய பூஞ்சை வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ வளர்கிறது. தட்டில் நன்றாகத்தான் வளர்கிறது, ஆனால் முழு இலைக்குள் நுழைய முடிவதில்லை. டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லி செய்வதும் இதைத்தான். அது பூஞ்சையைக் கொல்வதில்லை, ஆயுதத்தைப் பிடுங்கிக்கொள்கிறது.

அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தி உள்ள ரகத்தை உருவாக்கிவிட்டால் பிரச்சினை முடிந்ததுதானே?

கொஞ்ச காலத்துக்கு முடியும். பூஞ்சை செடியின் பாதுகாப்பைக் குலைக்கச் சில புரதங்களை உள்ளே அனுப்புகிறது. அவற்றில் ஒன்றை அடையாளம் காணும் மரபணு செடியில் இருந்தால், செடி அந்த இடத்துச் செல்களைத் தானே சாகவிட்டுப் பூஞ்சையை முடக்கிவிடும். ஆனால் பூஞ்சை அந்த ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டாலோ விட்டுவிட்டாலோ செடியால் அதை அடையாளம் காண முடியாது.

கோதுமைத் தண்டுத் துரு நோய் பல பத்தாண்டுகளாக அடங்கியிருந்தது. 1998-ல் உகாண்டாவில் அகப்பட்ட யுஜி99 என்ற வகை, அதுவரை பரவலாக நம்பியிருந்த எஸ்ஆர்31 என்ற எதிர்ப்பு மரபணுவை முறியடித்தது. அதனால் இப்போது பல எதிர்ப்பு மரபணுக்களை ஒரே ரகத்தில் அடுக்கிவைக்கப் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தாண்டுவது பூஞ்சைக்குக் கடினம்.

அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டதால் என் உடம்புக்கு மருந்து பழகிவிட்டதாம். உண்மையா?

மருந்துக்குப் பழகியது உங்கள் உடம்பு இல்லை, உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்கள். வேறுபாடு சின்னதாகத் தோன்றலாம், விளைவு பெரியது. உடம்பு பழகியிருந்தால் பிரச்சினை உங்களோடு நின்றுவிடும். பாக்டீரியா மாறினால், வாழ்க்கையில் ஒரு மாத்திரைகூடப் போடாத இன்னொருவருக்கும் அது தொற்றலாம். அப்புறம் அவருக்கும் அதே மருந்து வேலை செய்யாது.

பாக்டீரியா எப்படி மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது?

கற்றுக்கொள்வதில்லை. 1943-ல் லூரியாவும் டெல்பிரூக்கும் இதைக் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது மருந்து இல்லை, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே, தற்செயலான மரபணு மாற்றத்தால், சில பாக்டீரியாக்கள் அதற்குத் தப்பும் தன்மையோடு இருந்தன. மருந்து விஷயத்திலும் கதை இதுதான். கோடிக்கணக்கில் ஏற்கெனவே மாறியிருக்கும் ஒன்றிரண்டைத் தவிர மற்றதையெல்லாம் மருந்து கொன்றுவிடுகிறது. அப்புறம் அந்த ஒன்றிரண்டுக்குத்தான் இடமும் உணவும். சோதனைத் தட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: மருந்து வில்லையைச் சுற்றி பாக்டீரியா செத்துத் தெளிந்த வட்டம், அதற்கு உள்ளே குண்டூசித் தலை அளவில் இரண்டே இரண்டு வெள்ளைப் புள்ளிகள். முதல்முறை பார்த்தபோது தட்டில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அவற்றை எடுத்துப் புதுத் தட்டில் பரப்பியபோது வட்டமே வரவில்லை.

தப்பிக்கும் வழிகள் பல. மருந்தை வெட்டும் நொதியை வைத்திருப்பது, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைப்பது, மருந்து ஒட்டும் புரதத்தின் வடிவத்தை மாற்றிக்கொள்வது, மருந்து நுழையும் துளைகளைக் குறைப்பது. இதைவிடக் கவலை தருவது கைமாற்று. பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவில் இந்த மரபணுக்கள் ஏறிக்கொண்டால், ஒரு பாக்டீரியா அதைப் பக்கத்தில் இருப்பதற்கு, வேறு இனமாக இருந்தாலும், கொடுத்துவிடும். கோலிஸ்டின் கடைசிக் கட்டத்தில் பயன்படுத்தும் மருந்து. அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு இப்படிப் பிளாஸ்மிட்டில் பரவுவது 2015-ல் சீனாவிலிருந்து தெரியவந்தது.

இந்த மரபணுக்களை நம் மருந்துகள் புதிதாக உண்டாக்கவில்லை. சுமார் 30,000 வருடங்களாக உறைந்துகிடந்த மண்ணிலேயே எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்திருக்கின்றன. பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்ணில் ஆதிகாலத்திலிருந்து நடத்திவரும் சண்டையின் மிச்சம் அவை. நாம் செய்தது அவற்றைப் பொறுக்கியெடுத்துப் பெருக்கிவிட்டது. 2019-ல் மட்டும் மருந்து எதிர்ப்பு பாக்டீரியாவே நேரடிக் காரணமாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக உலகளாவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

காய்ச்சல் நின்றுவிட்டது. மீதி மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். நீண்ட நாள் சாப்பிட்டால்தான் நல்லது என்ற பழைய எண்ணம் இப்போது மாறிவருகிறது. பல தொற்றுகளுக்குக் குறைந்த நாட்களே போதும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. காசநோய் போன்றவற்றுக்கு மாதக்கணக்கில் கண்டிப்பாகச் சாப்பிட வேண்டும். எது எந்த வகை என்பதைக் காய்ச்சல் நின்றதை வைத்து முடிவுசெய்ய முடியாது. மீதியை எடுத்துவைத்து அடுத்தமுறை சாப்பிடுவதும் வேண்டாம், இன்னொருவருக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

பயிருக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லியால் மனிதருக்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்யாமல் போகுமா?

போகும், போயிருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை மக்கும் இலைதழையில் வாழ்வது. அதன் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்குக் கொடுப்பது அசோல் வகை மருந்து. பயிருக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லிகளிலும் அசோல் வகை உண்டு. இரண்டும் தாக்குவது எர்கோஸ்டெரால் பாதையில் வரும் சிஒய்பி51 என்ற ஒரே நொதியை.

நெதர்லாந்தில் அசோலுக்கு அடங்காத தொற்று வந்த நோயாளிகளில் பலர் அதற்கு முன் அசோல் மருந்தே எடுத்திராதவர்கள். அவர்களிடம் கிடைத்த பூஞ்சையின் டிஎன்ஏவில் ஒரே கையெழுத்து திரும்பத் திரும்ப வந்தது: அந்த நொதியின் மரபணுவுக்கு முன்னால் 34 எழுத்துகள் இரட்டித்திருந்தன, புரதத்தின் 98-ஆவது இடத்தில் அமினோ அமிலம் மாறியிருந்தது. முதல் மாற்றத்தால் நொதி அதிகமாகத் தயாராகிறது, இரண்டாவது மாற்றத்தால் மருந்து ஒட்டுவதில்லை. அதே கையெழுத்து பூக்கிழங்குக் கழிவின் மக்குக் குவியல்களிலும் கிடைத்தது. என்னைக் கேட்டால், புதிய பூஞ்சைக்கொல்லியை அனுமதிக்கும் முன், அதே இலக்கைத் தாக்கும் மனித மருந்து ஏதாவது வரவிருக்கிறதா என்று பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

பெனிசிலினும் பூஞ்சையிலிருந்து, ஸ்டேட்டினும் பூஞ்சையிலிருந்து. அப்போ ஸ்டேட்டினுக்கும் ஒருநாள் எதிர்ப்பு வந்துவிடுமா?

வராது. மேலே சொன்னபடி எதிர்ப்பு வளர வேண்டுமானால், கோடிக்கணக்கில் பெருகி, தப்பியது நிலைக்கும் கூட்டம் ஒன்று வேண்டும். ஸ்டேட்டின் வேலை செய்யும் இடம் உங்கள் கல்லீரல் செல்கள். அங்கே அப்படிப்பட்ட போட்டி கிடையாது.

ஆனால் கல்லீரல் சும்மா இருப்பதில்லை. கொலஸ்ட்ரால் தயாரிப்பு தடைபட்டதும், ரத்தத்திலிருந்து எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைப் பிடித்திழுக்கும் ஏற்பிகளை அதிகமாக வெளியே நீட்டுகிறது. ரத்தத்தில் அது குறைவது முக்கியமாக இதனால்தான். கூடவே தடைபட்ட நொதியையும் அதிகமாகத் தயாரிக்கும். அதனால் மருந்தின் அளவை இரட்டித்தாலும் எல்டிஎல் கூடுதலாகச் சுமார் 6 சதவீதம்தான் இறங்குகிறது.

அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே மாரடைப்பு. எனக்கும் மரபணுவில் எழுதிவைத்ததுதானா?

சில குடும்பங்களில் ஒரே மரபணு பெரிய வேலை செய்கிறது. சுமார் 250 பேரில் ஒருவருக்கு, பெரும்பாலும் மேலே சொன்ன ஏற்பியின் மரபணுவில் ஒரு பிரதி கெட்டிருக்கும். பிறந்ததிலிருந்தே எல்டிஎல் உயர்ந்திருக்கும். இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரௌனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-ல் நோபல் கிடைத்தது. ஒருவருக்கு இது உறுதியானால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் சிகிச்சையால் ஆபத்தை வெகுவாகக் குறைக்கலாம். மற்ற பெரும்பாலானவர்களுக்கு நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்களும் புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவையும் சேர்ந்துதான் முடிவுசெய்கின்றன.

2003-ல் பிரெஞ்சுக் குடும்பங்களில் பிசிஎஸ்கே9 என்ற இன்னொரு மரபணு கிடைத்தது. இதன் புரதம் அந்த ஏற்பிகளை அழிக்கவைப்பது. இது வேலை செய்யாத மாற்றத்தோடு பிறந்தவர்களும் இருந்தார்கள். 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், அப்படிப்பட்ட கறுப்பினத்தவருக்கு எல்டிஎல் 28 சதவீதமும் இதய நோய் ஆபத்து 88 சதவீதமும் குறைவாக இருந்தது. இந்தப் புரதத்தைத் தயாராகவிடாமல், அதன் ஆர்என்ஏவையே வெட்டிவிடும் இன்க்ளிசிரான் என்ற ஊசி இப்போது இருக்கிறது. ஆரம்ப ஊசிகளுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டுமுறை போட்டால் போதும்.

அந்த ஊசிக்குப் பின்னாலும் நம் நியூரோஸ்போரா இருக்கிறது. 1992-ல் ஆரஞ்சு நிறப் பூசணத்துக்கு நிற மரபணுவின் கூடுதல் பிரதியைக் கொடுத்தார்கள். நிறம் கூடுவதற்குப் பதிலாக வெளுத்துப்போனது. செல் இரண்டு பிரதிகளையும் வாயடைத்துவிட்டது. செடிகளில் அதற்குச் சற்று முன்பே இதே விசித்திரம் தெரிந்திருந்தது. குட்டி ஆர்என்ஏக்களால் மரபணுவை அடக்கும் இந்த வழிதான் பின்னாளில் மருந்தானது.

தொண்டை வலி வந்தால் இதயம் கெடுமா?

எல்லாத் தொண்டை வலியும் இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு புரதம் நம் இதயத் தசைப் புரதத்தின் சாயலில் இருக்கிறது. பாக்டீரியாவை எதிர்க்கப் புறப்பட்ட எதிர்ப்புச் சக்தி, சிலருக்கு, இதய வால்வையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது. இதுதான் ருமாட்டிக் இதய நோய். ஒருமுறை வந்தவர்களுக்குப் பல வருடங்கள் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுவார்கள். ஊசி வலிக்கும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறேன். பூஞ்சைத் தொற்றுக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

கேட்டது நல்லதாகப் போயிற்று. சிம்வாஸ்டேட்டின், லோவாஸ்டேட்டின் போன்றவற்றை உடைத்து வெளியேற்றுவது சிஒய்பி3ஏ4 என்ற நொதி. இட்ரகோனசோல், கீட்டோகோனசோல் போன்ற அசோல்கள் அதைத் தடுக்கின்றன. பூஞ்சையின் சிஒய்பி51-க்குக் குறிவைத்த மருந்து, அதன் உறவுக்கார நொதியான நம்முடையதையும் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஸ்டேட்டின் பலமடங்கு ஏறி, தசை சிதைந்து, சிறுநீரகம்வரை பாதிக்கலாம். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகளும் இப்படித்தான்.

எல்லா ஸ்டேட்டினுக்கும் இந்தச் சிக்கல் ஒரே அளவில் இல்லை. பிரவாஸ்டேட்டின் பெரும்பாலும் இந்த நொதியை நம்பி இருப்பதில்லை. எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, போடும் எல்லா மாத்திரைகளையும் அவரிடம் காட்டுவது. தசைவலியோ, தேநீர் நிறத்தில் சிறுநீரோ வந்தால் அன்றே போய்ப் பாருங்கள்.

மாத்திரைக்குப் பதில் சிவப்பு ஈஸ்ட் அரிசி சாப்பிடலாமாமே? அது இயற்கைதானே?

மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை அரிசியில் வளர்த்துச் செய்வது அது. அதில் இருக்கும் மொனகோலின் கே-யும் லோவாஸ்டேட்டின் மாத்திரையில் இருப்பதும் ஒரே மூலக்கூறு. ஆகவே பலன், பக்கவிளைவு, முந்தைய கேள்வியில் சொன்ன ஆபத்து எல்லாமே அதற்கும் உண்டு. மாத்திரையில் அளவு உறுதி. இதில் ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபடும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற பூஞ்சை நச்சும் சிலவற்றில் இருந்திருக்கிறது.

எலியிடம் வேலை செய்தது, மனிதரிடமும் செய்யும் என்று செய்தி வருகிறது. நம்பலாமா?

அவசரப்பட்டு நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். காம்பாக்டினையே பாருங்கள். எலிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லை. அத்தோடு விட்டிருந்தால் ஸ்டேட்டின் வந்திருக்காது. எலியின் ரத்தத்தில் எல்டிஎல் இயல்பாகவே குறைவு. முட்டையிடும் கோழியின் உடலில் கொலஸ்ட்ரால் ஏராளமாக உருவாகும். அதற்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

மனிதர்களிடமும் பலன் தெரிந்த பிறகு, நாய்களுக்கு மிக அதிக அளவில் கொடுத்த சோதனையில் குடலில் சந்தேகத்துக்கிடமான மாற்றங்கள் தெரியவே, 1980-ல் காம்பாக்டினை நிறுத்திவிட்டார்கள். அது கடைக்கு வரவே இல்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ் பூஞ்சையிலிருந்து வந்த லோவாஸ்டேட்டின் 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காம்பாக்டினை ஒரு பாக்டீரியாவிடம் கொடுத்து, அதில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை மட்டும் சேர்க்கவைத்தபோது கிடைத்ததுதான் பிரவாஸ்டேட்டின். இரண்டு கேள்விக்கு முன் சொன்னேனே, அசோலோடு அதிகம் மோதாதது என்று, அந்த மருந்துதான்.